ஐந்து மூட்டைக்கு ‘ஸ்’ எதற்கு?

‘ஃபைவ் பேக் கார்டமம்’ என்று மெயில் போட்டு குமுளி முதலாளியிடம் திட்டு வாங்கினேன் என்கிறீர்கள், நண்பரே, அது தமிழ்ப் பழக்கம். ஐந்து மூட்டை, பத்து தேங்காய் என்றுதானே சொல்வோம், எண்ணே பன்மையைக் காட்டிவிடும். மலையாளத்திலும் அஞ்சு சாக்குதான். ஆங்கிலத்தில் ஒன்றைத் தாண்டினால் பெயருக்கும் ‘ஸ்’ வேண்டும்: ஃபைவ் பேக்ஸ், மெனி பேக்ஸ். ஏலக்காய்க்கு வேண்டாம், அதை எடைதான் போடுவோம், எண்ண மாட்டோம், அதனால் ‘ஃபைவ் பேக்ஸ் ஆஃப் கார்டமம்’. ‘ஈச்’, ‘எவ்ரி’க்கு அடுத்து ஒருமை, ‘எவ்ரி பேக்’.

அப்புறம், கம்பத்தில் கணக்கு எழுதிய காலத்தில் நான் திரும்பத் திரும்பத் தவறிய இடம் ‘ஒன் ஆஃப் தி’. கிழிந்தது ஒரு மூட்டைதான், ஆனாலும் ‘ஒன் ஆஃப் தி பேக்ஸ் இஸ் டோர்ன்’ என்றே எழுத வேண்டும். ‘அந்த மூட்டைகளில் ஒன்று’ என்று மனசுக்குள் சொல்லிப் பாருங்கள், ‘ஸ்’ எங்கே போகும் என்று தெரிந்துவிடும்.