இணையம் வழியே காட்டுக்கு உதவலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கானுயிர்களுக்கும் மழைக்காடுகளுக்கும் வீட்டில் இருந்தபடியே ஏதாவது செய்ய முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தானியங்கிக் கேமராக்கள் எடுத்த படங்களை வகைப்படுத்துவதும், மற்றவர்கள் பதிவேற்றும் பறவை, பூச்சிப் படங்களுக்குப் பெயர் கண்டுபிடித்துத் தருவதும் எனக்குப் பல வருடப் பழக்கம். எந்த உதவியாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: நான் செய்து முடித்ததும் அது யார் கைக்குப் போகிறது, அவரால் அதை வைத்து என்ன செய்ய முடியும்? கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தப் பார்வையில் சொன்னவை.

மேடம், ஒரு பொத்தானை அழுத்தினால் இத்தனை சதுர அடி மழைக்காடு பிழைக்கும் என்கிறார்களே, நிஜமா?

நேர்மையாக நடப்பவையும் உண்டு. நீங்கள் அழுத்தும்போது கூடவே விளம்பரம் தெரியும். விளம்பரதாரர் தரும் காசில் ஒரு பங்கு காடு காக்கும் அமைப்புக்குப் போகும். ஒருமுறை அழுத்தினால் கிடைப்பது மிகச் சிறிய தொகை. எந்த அமைப்புக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்கு காட்டுகிறார்களா என்று பாருங்கள். காட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். 2009இல் கிறிஸ்டியன் க்ரோல் பெர்லினில் தொடங்கிய ஈகோசியா தேடுபொறிக்கும் வருமானம் விளம்பரம்தான். ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு மரம் நடப்படுவதில்லை. ஆனால் மாதந்தோறும் வரவுசெலவை வெளியிடுகிறார்கள். யாரும் அதை விற்று லாபம் பார்க்க முடியாதபடி 2018இல் சட்ட ஏற்பாடும் செய்துவிட்டார்கள். அதனால் நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அதோடு என் கடமை முடிந்தது என்று நினைப்பதில்லை.

அக்கா, கையில் காசு இல்லை. ராத்திரி அரை மணி நேரம் ஒதுக்க முடியும். உருப்படியாக ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது தம்பி. எனக்கு மிகவும் பிடித்த வேலையே அதுதான். ஸூனிவர்ஸ் என்ற தளத்தில் ஆய்வாளர்கள் தங்களால் தனியாகப் பார்த்து முடிக்க முடியாத படங்களையும் ஒலிகளையும் பொதுமக்களிடம் கொடுக்கிறார்கள். தான்சானியாவின் செரெங்கெட்டியில் 225 தானியங்கிக் கேமராக்கள் வைத்தார்கள். அசைவு தெரிந்தாலே அவை படம் எடுத்துவிடும். குவிந்த படங்களை ஓர் ஆய்வுக் குழு மட்டும் பார்ப்பதென்றால் ஆண்டுக்கணக்கில் ஆகும். 2012 டிசம்பரில் அவற்றை இணையத்தில் திறந்துவிட்டார்கள். பதிவு செய்துகொண்டவர்கள் மட்டுமே 28,000 பேர். 12 லட்சம் படத் தொகுதிகளைப் பார்த்து முடித்தார்கள். 2015இல் வெளியான ஆய்வில், நிபுணர்கள் சொன்னதோடு ஒப்பிட்டபோது எந்த விலங்கு என்பதில் மக்களின் கூட்டு முடிவு 96.6 சதவீதம் பொருந்தியது.

அந்த 12 லட்சத்தில் விலங்கு இருந்தவை ஏறக்குறைய 3.2 லட்சம்தான். மீதி பெரும்பாலும் காற்றில் ஆடிய புல். ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று குறிப்பதே உங்கள் வேலையில் பெரும்பகுதியாக இருக்கும். சலிக்காதீர்கள். அந்த வெற்றுப் படங்களை யாராவது கழித்துக்கட்டினால்தான் ஆய்வாளர் சிங்கத்திடம் போய்ச் சேர முடியும். மக்கள் பெயர் குறித்த இந்தப் படங்களை வைத்துத்தான் பிறகு கணினிக்கும் விலங்குகளை அடையாளம் காணப் பழக்கினார்கள்.

எனக்கு மானுக்கும் மறிமானுக்கும் வித்தியாசம் தெரியாது. தப்பாகச் சொல்லி ஆராய்ச்சியைக் கெடுத்துவிட மாட்டேனா?

மாட்டீர்கள். ஒரே படத்தைப் பலருக்குக் காட்டி, அவர்கள் சொன்னது ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். கொம்பு, உடல் வரி, வால் என்று பக்கத்திலேயே வழிகாட்டியும் இருக்கும்.

காட்டுப் பக்கமே போகாதவள் நான். வாசலில் வரும் குருவியையும் பூச்சியையும் பதிந்து என்ன ஆகப்போகிறது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் இங்கேதான் நின்றுவிடுகிறீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையத் தளம் 2008இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்களின் திட்டமாகத் தொடங்கியது. நீங்கள் ஒரு படத்தைப் போட்டால் அது எந்த உயிரினம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அது உறுதியானதும், பகிர உரிமம் தந்திருந்தால், அந்தப் பதிவு ஜிபிஃப் என்ற உலகளாவிய தரவுக் களஞ்சியத்துக்குப் போகும். அங்கிருந்து ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். பறவைகளுக்கு 2002 முதல் ஈபேர்ட் என்ற பதிவுத் தளம் இருக்கிறது. அதில் அரிய பறவையை மட்டும் போட்டால் போதாது. பார்த்த எல்லாவற்றையும், எத்தனை என்ற எண்ணிக்கையோடும் செலவிட்ட நேரத்தோடும் போடுங்கள். குருவி குறைகிறதா என்று சொல்ல, குருவி நிறைய இருக்கும்போதே யாராவது எண்ணியிருக்க வேண்டும். குறைந்த பிறகு எண்ணத் தொடங்கினால் ஒப்பிட எதுவும் இருக்காது.

இந்த மாதிரிப் பதிவு எதுவரை போகும் என்பதற்கு ஹேப்பிவேல் என்ற தளம் நல்ல சான்று. கூனல் திமிங்கிலத்தின் வால் துடுப்பின் அடிப்பக்கத்தில் உள்ள வெள்ளை, கறுப்புத் திட்டுகள் ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் தனி. படகுச் சுற்றுலா போனவர்கள் எடுத்த வால் படங்களைச் சேர்த்து, எந்தத் திமிங்கிலம் எப்போது எங்கே தெரிந்தது என்று கோர்த்தார்கள். அப்படிக் கோர்த்த தரவிலிருந்து 2024இல் ஒரு துயரமான முடிவு வந்தது: வட பசிபிக்கில் 2012இல் சுமார் 33,000 ஆக இருந்த கூனல் திமிங்கிலங்கள் 2021இல் சுமார் 26,600 ஆகக் குறைந்துவிட்டன. கடல் அசாதாரணமாகச் சூடானதும் இரை குறைந்ததும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விடுமுறையில் எடுத்த படங்கள் இல்லாமல் இவ்வளவு பெரிய கடலில் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

அரிய ஆந்தை ஒன்றின் கூடு கிடைத்தது. இடத்தோடு பகிர்ந்தால் எல்லோரும் பார்ப்பார்களே?

பார்ப்பார்கள், பிடித்து விற்பவனும் பார்ப்பான். இடத்தைச் சொல்லாதீர்கள். சீனாவில் ஒரு குகைப் பல்லி இனம் 1999இல் அறிவியலுக்குப் புதிதாக விவரிக்கப்பட்டது. அது வாழும் இடம் ஆய்வுக் கட்டுரையில் இருந்தது. செல்லப்பிராணி வியாபாரத்துக்குப் பிடிப்பவர்கள் அங்கே போய்த் துடைத்தெடுத்துவிட்டார்கள். ஐநேச்சுரலிஸ்ட் அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கிக் காட்டும், ஈபேர்டிலும் இதற்கு ஏற்பாடு உண்டு. சமூக ஊடகத்தில் போடும்போது நீங்கள்தான் கவனிக்க வேண்டும். படக்கோப்புக்குள் இடக்குறிப்பு பதிந்திருக்கும், அதை நீக்குங்கள். பின்னணியில் அடையாளம் தெரியும் பாறையோ கோயிலோ இருந்தாலும் போடாதீர்கள். கூட்டுப் படத்தையே போடாமல் இருப்பது இன்னும் நல்லது.

கிச்சுகிச்சு மூட்டினால் கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கும் குட்டி விலங்கு வீடியோ ஒன்று வந்தது. குழந்தைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அது என்ன விலங்கு?

தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் ஸ்லோ லோரிஸ். தேவாங்கின் உறவு. அது சிரிக்கவில்லை அம்மா, பயந்துபோய் இருக்கிறது. அதன் மேற்கையின் உட்புறம் ஒரு சுரப்பி உண்டு. ஆபத்து வந்தால் கையை உயர்த்தி அந்தச் சுரப்பை எச்சிலோடு கலந்து கடிக்கும், அந்தக் கடி நஞ்சுள்ளது. அதனால்தான் வியாபாரிகள் மயக்க மருந்துகூட இல்லாமல் அதன் பல்லை வெட்டிவிடுகிறார்கள். பல குட்டிகள் அந்தக் காயத்தில் சீழ் பிடித்தே சாகின்றன. இரவு விலங்கு, வீடியோவில் இருக்கும் வெளிச்சமே அதற்குக் கொடுமை. கானுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட சைட்டிஸ் ஒப்பந்தத்தில் 2007 முதல் அதன் பன்னாட்டு வணிகம் தடை. அப்படியும் அந்த வீடியோக்களின் கீழே ‘எனக்கும் ஒன்று வேண்டும்’ என்று எழுதியவர்கள் ஏராளம் என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நீர்நாய்க் குட்டிகளுக்கும் இதே கதிதான், இரண்டு ஆசிய இனங்களின் பன்னாட்டு வணிகத்தை 2019இல் தடை செய்தார்கள்.

கோபத்தில்கூட அந்த வீடியோவைப் பகிராதீர்கள், கமென்ட் போடாதீர்கள். தளத்தின் நிரலுக்கு உங்கள் கோபமும் ரசனையும் ஒன்றுதான், இன்னும் பத்துப் பேருக்குக் காட்டும். விலங்கு வதை என்று புகார் அழுத்திவிட்டு நகருங்கள். பாம்பின் பிடியிலிருந்து நாய்க்குட்டியைக் காப்பாற்றும் வீடியோக்களில் பல, பார்வைகளுக்காகவே அந்த விலங்குகளை அப்படி மாட்டவிட்டு எடுத்தவை. கேமரா முன்பே சரியான கோணத்தில் தயாராக இருந்ததா என்று பாருங்கள், புரிந்துவிடும்.

தந்தம், கிளி, ஆமை எல்லாம் வெளிப்படையாக விற்கிறார்கள். வாங்குவது போலப் பேசி ஆளைப் பிடித்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். உங்களுக்கு ஆபத்து, விசாரணையும் கெடும். இணைப்பு, விற்பவரின் கணக்குப் பெயர், தேதி, திரைப்பிடிப்பு ஆகியவற்றைச் சேமித்து உங்கள் நாட்டு வனத்துறைக்கோ காவல்துறைக்கோ அனுப்புங்கள். தளத்திலும் புகார் செய்யுங்கள். இணையக் கானுயிர் கடத்தலைத் தடுக்க 2018இல் பெரிய நிறுவனங்கள் பலவும் டபிள்யூடபிள்யூஎஃப், டிராஃபிக், ஐஃபா ஆகிய கானுயிர்ப் பாதுகாப்பு அமைப்புகளும் கூட்டணி அமைத்தன. அதனால் உங்கள் புகாரைப் பார்க்கும் பொறுப்பை அந்த நிறுவனங்கள் தாங்களாகவே ஏற்றிருக்கின்றன.

இணைய மனுக்களில் கையெழுத்துப் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. எதுவும் நடக்கிறதா?

சில நடந்திருக்கின்றன. காங்கோ ஜனநாயகக் குடியரசின் விருங்கா தேசியப் பூங்காவில் மலைக் கொரில்லாக்கள் இருக்கின்றன. அங்கே ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் எண்ணெய் தேட இறங்கியது. 7 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கையெழுத்திட்டார்கள். பங்குதாரர்களும் நெருக்கினார்கள். 2014இல் அந்த நிறுவனம் நிறுத்திக்கொள்ள ஒப்புக்கொண்டது. ஆனால் 2022இல் அரசே பூங்காவின் பகுதிகளையும் சேர்த்து எண்ணெய் ஏலம் அறிவித்தது, 2024இல் கைவிட்டது. ஆக, ஒரு கையெழுத்தோடு முடிகிற கதை இல்லை.

மனு யாருக்குப் போகிறது, அவருக்கு அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘காடுகளைக் காப்போம்’ என்று பொதுவாக எழுதியதில் நான் கையெழுத்திடுவதில்லை. அரசு கருத்துக் கேட்கும்போது எழுதுவது அதைவிடப் பலமானது. காடழித்து விளைந்த பொருள்களைத் தடுக்கும் சட்டம் பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் கருத்துக் கேட்டபோது ஏறக்குறைய 12 லட்சம் பதில்கள் இணையத்தில் வந்தன. மாட்டிறைச்சி, சோயா, பாமாயில், கோகோ, காபி, ரப்பர், மரம் ஆகியவற்றுக்கான சட்டம் 2023இல் வந்தது. அமலாவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பது வேதனை. ஓட்டுரிமை உள்ள மக்கள் கையில் முடிவு வந்தால் அது எல்லாவற்றையும் விடப் பெரிது: யசுனி மழைக்காட்டில் ஒரு பகுதியின் எண்ணெய் தரையடியிலேயே இருக்கட்டும் என்று ஈக்வடார் மக்கள் 2023 பொது வாக்கெடுப்பில் சுமார் 59 சதவீதம் வாக்களித்தார்கள்.

சிறிய தொகை கொடுக்கலாம் என்றிருக்கிறேன். யாருக்குக் கொடுப்பது?

நிலத்துக்குச் சொந்தக்காரர்களோடு வேலை செய்பவர்களுக்கு. பெருவின் அமேசான் கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. காடு வெட்டப்பட்டால் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்கும். அந்த எச்சரிக்கை பழங்குடி மக்களின் போனுக்கே போகும்படி செய்து, ரோந்து போகப் பயிற்சியும் தந்தார்கள். முதல் ஆண்டில் அங்கே காடழிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2021இல் ஆய்வு முடிவு வந்தது. அதே வகை எச்சரிக்கைகளை 2014 முதல் குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் வரைபடத்தில் நீங்களும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் பார்த்ததும் காட்டுக்குள் நடந்துபோகக்கூடியவர் அந்தக் கிராமத்துக்காரர்தான். அவருக்கு டீசலும் போனும் கிடைக்கச் செய்வதுதான் உங்கள் பணம் செய்யக்கூடிய நல்ல காரியம்.

தொகை சிறியது என்று தயங்காதீர்கள். 1987இல் ஸ்வீடன் பள்ளிக்கூடம் ஒன்றின் சிறுவர் சிறுமியர் கோஸ்டா ரிக்காவில் மழைக்காட்டு நிலம் வாங்கப் பணம் திரட்டத் தொடங்கினார்கள். பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். ‘குழந்தைகளின் நிரந்தர மழைக்காடு’ என்ற பெயரில் அது இன்று 22,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருக்கிறது. கொடுக்கும் முன் அமைப்பின் பதிவு எண்ணையும் ஆண்டு வரவுசெலவையும் பாருங்கள். பேரிடர் நேரத்தில் திடீரென முளைக்கும் நன்கொடைப் பக்கங்களில் கொடுக்காதீர்கள். மாதாமாதம் கொஞ்சம் கொடுப்பது, காவலருக்குச் சம்பளம் திட்டமிட அவர்களுக்கு வசதி.

‘அமேசான் உலகின் நுரையீரல், 20 சதவீத ஆக்சிஜன் தருகிறது’ என்ற பதிவைப் பகிரலாமா?

வேண்டாம். அந்தக் காடு உண்டாக்கும் ஆக்சிஜனை அதுவே சுவாசத்திலும் மட்கலிலும் ஏறக்குறைய முழுதும் செலவழித்துவிடுகிறது. கரியமில வாயுவைப் பிடித்து வைப்பது, மழையைக் கண்டத்தின் உள்ளே கொண்டுபோவது, எண்ணற்ற உயிர்கள் என்று உண்மையான காரணங்களே போதுமானவை. 2019 தீயின்போது நாட்டுத் தலைவர்களே பழைய படங்களைப் பகிர்ந்தார்கள். அதில் ஒன்றை எடுத்த புகைப்படக்காரர் 2003இலேயே இறந்துவிட்டவர். காட்டை எரிப்பவர்களுக்கு ‘எல்லாமே பொய்’ என்று சொல்ல அது வசதியாகிவிட்டது.

என் பத்து வயது மகளுக்கு ஏற்றது?

சீக் என்ற செயலி. கணக்குத் தொடங்கத் தேவையில்லை, கேமராவைக் காட்டினால் செடி, பூச்சியின் பெயர் சொல்லும். வசந்த காலத்தில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர மீன் மணியையும் காட்டுங்கள். நீருக்கடியில் இருக்கும் கேமராவில், மூடிய மடைக்கதவின் முன் மீன் காத்திருப்பது தெரிந்தால் இணையத்திலேயே மணியை அழுத்தலாம், மடைக்காரருக்குத் தகவல் போய்க் கதவு திறக்கும்.

ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான் எதில் சேர முடியும்?

படம் பார்த்து விலங்கைக் குறிக்கும் வேலைக்குச் சில சொற்களே போதும். அதைவிட, உங்களால் மட்டுமே முடிகிற வேலை ஒன்று காத்திருக்கிறது. ஐநேச்சுரலிஸ்டில் உயிரினங்களுக்குத் தமிழ்ப் பெயர் சேர்க்கலாம், எத்தனையோ இனங்களுக்கு அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு தவளையைப் பற்றியோ ஒரு மரத்தைப் பற்றியோ பத்து வரி எழுதலாம். நீங்களாகப் பெயர் உண்டாக்க வேண்டாம். மக்கள் வழங்கும் பெயரைக் கேட்டு, எந்த இனத்துக்கு அது வழங்குகிறது என்று உறுதி செய்துகொண்டு போடுங்கள். முதலில் நன்றாகத் தெரிந்த பத்துப் பறவைகளில் தொடங்குங்கள்.