ஏர்சாஃப்ட் துப்பாக்கி: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து காசிமேட்டில் ஒரு ரீல்ஸ் எடுக்கப் போறோம் சார். ஏர்சாஃப்ட் பிஸ்டல் ஒன்று இருக்கு, நிஜத் துப்பாக்கி மாதிரியே தெரியும், சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடும். விடியற்காலை போனா ஆள் நடமாட்டம் இருக்காதுல்ல?
(கல்லூரி மாணவர், ராயபுரம்)

காசிமேட்டில் விடியற்காலையில் ஆள் இருக்காது என்று யார் சொன்னது தம்பி? மீன் இறங்கி ஏலம் நடக்கிற நேரமே அதுதான். கூடை தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் நடக்கிறவர்கள் நடுவில் ஒருவர் துப்பாக்கியைப் பார்த்து அலறி ஓடினால் போதும், பின்னால் வருபவர்கள் வழுக்கி விழுந்து மிதிபடுவார்கள்.

யாராவது 100-க்கு அடித்தால் காவலர்களுக்குப் போகிற தகவல் "நாலு பேர், கையில் துப்பாக்கி" என்பது மட்டும்தான். அது பிளாஸ்டிக் என்று உங்களுக்குத் தெரியும், வருகிறவருக்குத் தெரியாது. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் பூங்காவில் ஏர்சாஃப்ட் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுப் பையனைக் காவலர் சுட்டுக் கொன்றார். கார் வந்து நின்ற சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது.

எடுத்தே ஆகவேண்டுமென்றால் வெளியிலிருந்து பார்க்க முடியாத இடத்தில் எடுங்கள். நண்பரின் குடோன், பூட்டிய கல்யாண மண்டபம், இப்படி. அப்போதும் பகுதிக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள், அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பசங்களை ஏற்கெனவே சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள் ஊரில் நிறைய பேர். அவர்களுக்கு நீங்களே வீடியோ எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: முனையில் இருக்கிற ஆரஞ்சு நிறத்தைக் கறுப்பாக மாற்றலாமா?
(கொருக்குப்பேட்டை)

வேண்டாம். பொம்மை என்று தூரத்திலிருந்து காட்டுகிற ஒரே அடையாளம் அது. கிளீவ்லேண்ட் பையன் கையில் இருந்ததிலும் அந்த நிறம் இல்லை. அதற்காக, ஆரஞ்சு முனை இருக்கிறதே என்று வெளியில் எடுத்துக் காட்டவும் கூடாது. இருட்டில் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

கேள்வி: பெரம்பூரிலிருந்து புறநகரில் விளையாடும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மெட்ரோவில் போகலாமா? வழியில் போலீஸ் நிறுத்தினால்?

மெட்ரோ வேண்டாம். ஸ்கேனரில் தெரிவது துப்பாக்கி உருவம்தான். விமானத்திலும் பொம்மைத் துப்பாக்கியைக் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள். சொந்த வண்டியில், ஜிப் போட்ட பையில், துணி சுற்றிக் கொண்டுபோங்கள். இடுப்பில் செருகுவது, டேங்க் கவரில் நீட்டிக்கொண்டு வைப்பது, ரெண்டும் கூடவே கூடாது.

குண்டு நிரப்புகிற மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலி என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே ஒரு குண்டு தங்கியிருக்கலாம். கழற்றிய பிறகு, விளையாட்டு இடத்திலேயே பாதுகாப்பான திசையில் ஒருமுறை சுட்டுப் பார்த்து, சேஃப்டி போட்டு, பேட்டரியையும் எடுத்துவிடுங்கள்.

நிறுத்தினால் பையில் கை விடாதீர்கள். இரண்டு கையும் தெரியும்படி வைத்துக்கொண்டு, "சார், பையில் பொம்மைத் துப்பாக்கி இருக்கு, நீங்களே எடுத்துப் பாருங்க" என்று நிதானமாகச் சொல்லுங்கள். பில் கூடவே இருக்கட்டும்.

கேள்வி: என் பையனுக்கு ஒன்பது வயது. பாரிமுனையில் ஒரு பிபி கன், அதாவது சின்னக் குண்டு போட்டுச் சுடுகிற பொம்மைத் துப்பாக்கி, வாங்கினோம். மொட்டைமாடியில் டப்பாவைச் சுடுகிறான். தீபாவளித் துப்பாக்கி மாதிரிதானே?
(இல்லத்தரசி, தண்டையார்பேட்டை)

இல்லைம்மா. தீபாவளித் துப்பாக்கியில் கேப் வெடித்துச் சத்தம் வரும், அதோடு சரி. இதிலிருந்து 6 மில்லிமீட்டர் குண்டு பறக்கிறது. பெரியவர்கள் விளையாடும் ஏர்சாஃப்டில் 0.20 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகத்தில் போகும், அதாவது ஒரு ஜூல் ஆற்றல். தோலில் பட்டால் தடிப்போடு போகும். கண்ணில் பட்டால் உள்ளே ரத்தம் கட்டும், லென்ஸ் கலங்கும், சில வருடம் கழித்துக் கண் அழுத்த நோயும் வரலாம். கடையில் விற்கிற சின்னத் துப்பாக்கியின் வேகம் குறைவாக இருக்கலாம், ஆனால் அட்டையில் போட்டிருப்பதை நம்பிக் கண்ணைப் பணயம் வைக்க முடியாது.

நம் பக்கம் மாடிக்கு மாடி ஒட்டியிருக்கும். பக்கத்து மாடியில் வடாம் காயப்போடுகிற பாட்டிக்குக் கண்ணாடி யார் கொடுப்பது? சுவரில் பட்ட குண்டு திரும்பியும் வரும். அதனால் மாடியை விடுங்கள். வீட்டுக்குள், அட்டைப்பெட்டியில் கனமான துணி தொங்கவிட்டு, அதை நோக்கி மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சுடட்டும். அறையில் இருக்கிற எல்லோரும் கண்ணைச் சுற்றி மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். பவர் கண்ணாடியோ கூலிங் கிளாஸோ உடைந்து கண்ணுக்குள்ளேயே போகலாம். வாங்கும்போது இஎன் 166 என்ற ஐரோப்பியத் தரக் குறியும் எஃப் என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். 0.86 கிராம் எஃகுக் குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்கும் என்று அர்த்தம்.

பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள், வீட்டில் இருக்கிற சொட்டு மருந்தைப் போடாதீர்கள். ஒரு காகிதக் கப்பைக் கண்மேல் படாமல் கவிழ்த்துப் பிளாஸ்திரி ஒட்டி, உட்கார்ந்த நிலையிலேயே எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ, பக்கமென்றால் ஸ்டான்லிக்கோ உடனே கூட்டிப்போங்கள். பார்வை தெளிவாக இருக்கிறது என்றாலும் போக வேண்டும்.

கேள்வி: ஃப்ரெண்டை விளையாட்டுக்கு மிரட்டினேன். அவங்க வீட்டில் புகார் கொடுப்பேன் என்கிறார்கள். பொம்மைக்குக் கூடவா கேஸ்?
(வியாசர்பாடி)

வரலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் மிரட்டலுக்கு 351-வது பிரிவு இருக்கிறது. அது பயமுறுத்தியதைத்தான் கேட்கும், துப்பாக்கி நிஜமா என்பதை அல்ல. அடுத்தவர் உடலுக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக நடந்தால் 125-வது பிரிவு. இன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் பெரியவர் ஒருவரோடு போய், மனதார மன்னிப்புக் கேளுங்கள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.