தை மாதக் கல்யாணத்தில் போட்டோவுக்கு நேரம் ஒதுக்குவது எப்படி?

கேள்வி: தங்கைக்குத் தையில் மயிலாப்பூரில் கல்யாணம். சனி மாலை 6:30 ரிசப்ஷன், ஞாயிறு காலை 7:30–9 முகூர்த்தம். ஐயர் வீட்டு முறை. பகல் வெளிச்சத்தில் நல்ல படங்கள் வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். இரண்டு நாளையும் எப்படித் திட்டமிடுவது?

பதில்: என் மகள் கல்யாணமும் தையில்தான் நடந்தது, அதே முறையில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு தாளில் முதலில் முகூர்த்த நேரத்தை எழுதுங்கள். அதன் கீழே சூரிய உதயம், அஸ்தமனம். தை மாதம் சென்னையில் காலை 6:35 வாக்கில் விடிகிறது, மாலை ஆறை ஒட்டிச் சூரியன் இறங்கிவிடுகிறது. மற்றதை எல்லாம் இதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

உங்களுக்குச் சிக்கல் சனிக்கிழமைதான். ரிசப்ஷன் தொடங்கும் 6:30க்கு வெளியே இருட்டியிருக்கும். அதனால் ஜோடிப் படங்களை 4:30க்கும் 5:30க்கும் நடுவில் எடுத்தாக வேண்டும். மேக்கப், தலை அலங்காரம், புடவை எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அப்படியென்றால் பெண் இரண்டு மணிக்கே உட்கார வேண்டும். ஆனால் சனிக்கிழமை எமகண்டம் 1:30 முதல் 3 வரை. அந்த நேரத்தில் பெண்ணை வீட்டு வாசல் தாண்ட எந்தப் பாட்டி சம்மதிப்பார்? மூன்றுக்கு மேல் கிளம்பி, மண்டபத்தில் அறைச் சாவியை வாங்கி, மேக்கப்புக்கு உட்கார நாலு மணி ஆகிவிடும். எழுந்திருக்கும்போது வெளிச்சம் போயிருக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. காலையில் ராகு காலம் 10:30க்கு முடிகிறது. அதற்கு மேல், 1:30க்குள் பெண்ணை வீட்டிலிருந்து கிளப்பிவிடுங்கள். மண்டபத்தை மதியம் தரமாட்டேன் என்றால் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயே சாப்பாடு, சின்னத் தூக்கம், இரண்டு மணிக்கு மேக்கப். இந்த ஒரு ஏற்பாட்டுக்குச் செலவு செய்ய யோசிக்காதீர்கள். பையனும் 4:15க்குத் தயாராக இருக்க வேண்டும் என்று அவர்கள் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். மாப்பிள்ளை அழைப்பு நேரத்தையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் மோதக் கூடாது.

கடற்கரைக்குப் போகலாமே என்று போட்டோகிராபர் சொல்வார். மாலையில் கடலைப் பின்னால் வைத்து நின்றால் மேற்கு வெயில் முகத்தில் அழகாக விழும், உண்மைதான். ஆனால் சனிக்கிழமைக் கூட்டம், டிராஃபிக், கடல் காற்றில் கலையும் தலை எல்லாம் சேர்ந்து பெண்ணைக் களைப்பாக்கிவிடும். மண்டபத்து மொட்டை மாடியே போதும். அங்கும் அதே வெயில்தான். 5:45க்கு நெருங்கிய சொந்தங்களோடு மேடையில் குடும்பப் படங்களை முடித்துவிடுங்கள். அத்தை, சித்தி எல்லோரிடமும் 5:15 என்று சொல்லிவையுங்கள், அப்போதுதான் 5:45க்கு வந்து நிற்பார்கள். யார் யார் எந்தப் படத்தில் என்ற பட்டியல் போட்டோகிராபரிடம் இருந்து பயனில்லை. எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒரு மாமாவிடம் கொடுங்கள்.

ஞாயிறு காலை விரதம் என்ற சடங்கு நடக்கும்போது வெளியே இருட்டுதான். அங்கே படங்களுக்காக யாரையும் படுத்த வேண்டாம். போட்டோகிராபருக்கும் வீடியோக்காரருக்கும் ஆறு மணிக்கே, முதல் பந்தியிலேயே டிபன் கொடுத்துவிடுங்கள். பசியோடு நிற்பவர் எட்டரை மணிக்குச் சாம்பார் வாசனை வரும் பக்கம்தான் பார்ப்பார்.

நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது ஊஞ்சலைப் பற்றி. மாப்பிள்ளை காசிக்குக் கிளம்புவதாக நடிக்கும் காசியாத்திரையையும் ஊஞ்சலையும் ஹாலுக்குள் வைக்காதீர்கள். வாசலில், முடிந்தால் கிழக்கு வெளிச்சம் வரும் இடத்தில் வையுங்கள். காசியாத்திரை 6:45, ஊஞ்சல் 7:05 என்று வைத்தால், சூரியன் எதிர்க் கட்டடங்களைத் தாண்டி எட்டிப் பார்க்கும் நேரம் அது. தை மாதத்துக் காலை வெயிலில் கடுமை இல்லை. பாலும் பழமும் கொடுக்கும் கை, சிவப்பும் மஞ்சளுமான சாத உருண்டைகளை, அதாவது பச்சைப்பிடியை, சுற்றிப் போடும் மாமிகள், லாலி பாடுகிறவர்களின் முகம் எல்லாவற்றிலும் அந்த வெளிச்சம் சாய்வாக விழும். வீடியோக்காரரின் பெரிய எல்இடி விளக்கை அங்கே போட விடாதீர்கள். கண் கூசும், முகம் தட்டையாகிவிடும். என் மகள் ஆல்பத்தில் நான் இன்றும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இந்தப் பக்கங்களைத்தான்.

அடுத்து கூரைப் புடவை. கன்னிகாதானம் முடிந்து உள்ளே போன பெண் அதை ஒன்பது கஜ மடிசாராகக் கட்டித் திரும்ப இருபது நிமிடமாவது ஆகும். வேகமாகக் கட்டத் தெரிந்த ஒரு மாமியை அறையில் தயாராக உட்கார வையுங்கள். இங்கே தாமதமானால் முகூர்த்தமே நெருக்கும். அந்த இடைவெளியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளை எடுக்கச் சொல்லுங்கள். பேரன் பேத்திகளுக்கு நாளைக்கு வேண்டியது அந்தப் படங்கள்தான்.

கெட்டிமேளம் கொட்டியதும் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றிவிடுவார்கள். பெண் அப்பா மடியில் இருப்பாள், பையன் முதல் முடிச்சைப் போடுவான், நாத்தனார் பின்னாலிருந்து மற்ற இரண்டைப் போடுவார். ஆகவே ஒரு கேமரா முன்னால், இன்னொன்று பின்னால் பக்கவாட்டில். இரண்டுக்கும் முன்னே யாரும் வராமல் பார்த்துக்கொள்ளத் தம்பிமார் இரண்டு பேரை நிறுத்துங்கள். அட்சதையைத் தூக்கி எறியாமல் அருகில் வந்து போடுங்கள் என்று சடங்கை நடத்திவைக்கும் வாத்தியாரே மைக்கில் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

சப்தபதி, அம்மி மிதித்தல் எல்லாம் முடிந்ததும் பெண்ணையும் பையனையும் நேராகச் சாப்பிட அனுப்புங்கள். "ரெண்டே போஸ்" என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். மத்தியான நலங்குக்கு ஒரே ஒரு கேமரா போதும்.

இந்தத் தாளை அச்சடிப்பதற்கு முன் வாத்தியாரிடம் காட்டிவிடுங்கள். எந்தச் சடங்குக்கு எவ்வளவு நேரம் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் பத்து நிமிடம் கூடக் கேட்டால் படங்களுக்கான நேரத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள்.