வாசகர் கேள்வி பதில்: சந்தியாகோவுக்கு மூன்று வாரம்

கேள்வி: நான் பினாங்கில் வரலாறு படிக்கும் மாணவி. வரும் விடுமுறையில் வகுப்புத் தோழர்கள் ஐவருடன் ஸ்பெயினில் சந்தியாகோ நகரின் புனித யாக்கோபு பேராலயத்துக்குச் செல்லும் கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில் நடக்க எண்ணியுள்ளேன். பயணத்துக்கு மூன்று வாரம்தான் கிடைக்கும். எங்கே தொடங்கலாம்? பயணம் படிப்பாகவும் அமைய என்ன செய்யலாம்? "வேற்று மதத்தார் கோயிலுக்கு நீ ஏன் நடக்க வேண்டும்?" என்று பாட்டி கேட்கிறார்.

பதில்: பாட்டியிடம் வாதாட வேண்டாம். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்குப் போகும் நம்மவரை நினைவூட்டினால் போதும்.

பிரெஞ்சு எல்லைப்புறத்திலிருந்து முழுப் பாதையும் ஏறத்தாழ 780 கிலோமீட்டர். அதற்கு ஐந்து வாரமாவது வேண்டும். நீங்கள் லியோன் நகரில் தொடங்குங்கள். அங்கிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர். பதினைந்து நாளில் நிதானமாக நடந்து முடிக்கலாம். யாத்திரையை முடித்ததற்கான சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே போதும் என்பதால் பலர் அந்தத் தொலைவுக்குச் சற்று முன்னுள்ள சாரியா என்னும் ஊரில் தொடங்குகிறார்கள். வரலாறு படிப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்; மலையும் பழைய ஊர்கள் பலவும் சாரியாவுக்கு முன்பே வந்துவிடுகின்றன.

புறப்படுமுன் புனித யாக்கோபைப் பற்றிய 12ஆம் நூற்றாண்டு லத்தீன் நூலான காலிக்ஸ்தினுஸ் சுவடியில் உள்ள, யாத்திரிகர்களுக்கான வழிகாட்டிப் பகுதியை மொழிபெயர்ப்பிலாவது படியுங்கள். திரியாகாஸ்தெலாவில் யாத்திரிகர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்து, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காஸ்தான்யேதா வரை சுமந்து சென்றார்கள் என்றும், சந்தியாகோ பேராலயத்தைக் கட்டுவதற்கான சுண்ணாம்பு அக்கற்களிலிருந்தே நீற்றப்பட்டது என்றும் அது கூறுகிறது. பிட்டுக்கு மண் சுமந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அந்த இரண்டு ஊர்களும் உங்கள் வழியிலேயே இருக்கின்றன. ஆறு பேரும் வழிகாட்டியில் ஆளுக்கொரு பகுதியை எடுத்துக்கொண்டு, அந்தந்த ஊரை அடையும் மாலையில் விடுதித் திண்ணையில் மற்றவர்களுக்கு விளக்குங்கள். வழிநெடுகக் காணும் மஞ்சள் அம்புக்குறிகளையும் விட்டுவிடாதீர்கள். 1980களில் ஓ செப்ரெய்ரோ என்னும் மலையூரின் பங்குத்தந்தை எலியாஸ் வலீன்யா தொடங்கிய வேலை அது.

இப்போதிருந்தே வாரம் இருமுறை, பயணத்துக்குக் கொண்டுபோகும் அதே பையையும் அதே காலணியையும் அணிந்து, தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதையில் நடந்து பழகுங்கள். புதுக் காலணியோடு விமானம் ஏறுவது கொப்புளத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். சான்றிதழ் பெற, கடைசி 100 கிலோமீட்டரில் நாளொன்றுக்கு இரண்டு முத்திரையாவது, வழியில் முத்திரை வாங்குவதற்கென்றே உள்ள யாத்திரிகர் அட்டையில் பதிந்திருக்க வேண்டும். காப்பி குடிக்கும் கடையிலேயே கேட்டால் போட்டுத் தருவார்கள்.