மூளைக்குள் மின்கம்பி: மகனுக்குச் செய்யலாமா?

கேள்வி: டொக்டர், என் மகனுக்கு 26 வயது. சின்ன வயதிலிருந்தே வலிப்பு. கார்பமசெபின், வால்புரோவேட், லெவெடிரசெட்டம் என்று எல்லாக் குளிசையும் நேரம் தவறாமல் குடிக்கிறான். இன்னும் மாதத்தில் நாலைந்து தரம் வருகிறது. மூளைக்குள் மின்கம்பி வைத்தால் சுகமாகிவிடும், செலவைத் தான் பார்ப்பதாகக் கனடாவில் இருக்கும் அவனுடைய மாமா சொல்கிறார். சம்மதிக்கலாமா?
— ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: அம்மா, மாமாவின் மனசு பெரியது. ‘சுகமாகிவிடும்’ என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். பொருத்தமான இரண்டு மருந்துகளை உரிய அளவில் குடித்தும் நிற்காவிட்டால் அது மருந்துக்கு அடங்காத வலிப்புத்தான். குளிசையை மாற்றி மாற்றியே இன்னும் காலம் கடத்த வேண்டாம்.

ஆனால், வலிப்பு மூளையில் எங்கே தொடங்குகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். எம்.ஆர்.ஐ.யும் மூளையின் மின் அலைகளைப் பதிந்து வீடியோவோடு எடுக்கும் ஈ.ஈ.ஜி.யும் அதற்குத்தான். ஒரே இடம் என்று பிடிபட்டு, அதைப் பாதுகாப்பாக வெட்டி எடுக்கலாமென்றால் அந்தச் சத்திரசிகிச்சையே மேல். வலிப்பு அடியோடு நிற்கும் வாய்ப்பு அதில்தான் கூட. அதற்கு வழியில்லாதபோதுதான் மின்கம்பியைப் பற்றி யோசிப்போம்.

மூளையின் நடுவில் இருக்கும் தலமஸ் என்ற பகுதியின் முன்பக்கத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய மின்முனைகளை வைப்பார்கள். வயர் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கி, காறை எலும்புக்குக் கீழே வைக்கும், மெல்லிய மின்சாரம் அனுப்பும் கருவியோடு சேரும். அமெரிக்காவில் 110 பேருக்குச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வருடத்தில் வலிப்பு பாதிக்குமேல் குறைந்தது; அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்து 2015இல் வெளியிட்டபோது, ஐந்தாம் வருடத்தில் 69 சதவீதம் குறைந்திருந்தது. இவை நடுக் கணக்குகள்; பாதிப்பேருக்கு இதைவிடக் கூடவும் மற்றப் பாதிப்பேருக்கு இதைவிடக் கொஞ்சமாகவும் குறைந்தது. முழுதாக நின்றவர்கள் கொஞ்சப்பேர்தான். சிலருக்கு மனச்சோர்வு, ஞாபகக் குறைவு, கருவி வைத்த இடத்தில் கிருமித்தொற்று வந்தன. பற்றரி தீர்ந்தால் மாற்ற இன்னொரு சத்திரசிகிச்சை. குளிசையும் தொடரும். ஆனாலும் அம்மா, நாலைந்து தரம் வருவது ஒன்றாகக் குறைந்தால், விழுந்து அடிபடுகிற பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை.

அடுத்த முறை வரும்போது, அவனைப் பக்கவாட்டில் சரித்துவிட்டு, யாரையாவது கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். முதலில் எந்தக் கை இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, வாய் மென்றதா, தெளிந்ததும் பேச்சு உடனே வந்ததா, எல்லாம் அதில் தெரிய வேண்டும். எங்களுக்கு அது பெரிய உதவி. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். கையில் இரும்பு கொடுக்க வேண்டாம்; கிணற்றடிக்குத் தனியே விடவும் வேண்டாம்.

கிளினிக் கொப்பியோடு அந்த வீடியோவையும் உங்கள் நரம்பியல் நிபுணரிடம் காட்டி, கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதிக்க வேண்டுமா என்று நேராகவே கேளுங்கள். மாமாவின் காசு முதலில் அந்தப் பயணத்துக்கு உதவட்டும்.