பெலொப்பொனேசியப் போர் என்றால் என்ன? ஏன் அவ்வளவு காலம் நீடித்தது?

பண்டைய கிரேக்கத்தில் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் கூட்டாளி நகரங்களைச் சேர்த்துக்கொண்டு கி.மு. 431 முதல் 404 வரை மோதிய போர் இது.

பாரசீகரைத் தடுக்கக் கூட்டாளிகள் கொடுத்த நிதியில் ஏதென்ஸ் தன்னை வளர்த்துக்கொண்டது. விலக நினைத்த நகரங்களைப் படை அனுப்பி அடக்கியது. தெருக் காவலுக்கு வசூலித்த பணத்தில் ஒருவர் மட்டும் மாடி மேல் மாடி கட்டினால் மற்றவர்களுக்குப் பயம் வராதா? ஸ்பார்ட்டாவுக்கும் அந்தப் பயம்தான்.

சரி, ஏன் இழுத்தது? ஏதென்ஸின் பலம் கடலில், ஸ்பார்ட்டாவின் பலம் தரையில். ஒருவர் களத்துக்கு மற்றவர் வரவில்லை. அதற்குள் மதிலுக்குள் நெருக்கியடித்துத் தங்கியிருந்த ஏதென்ஸ் மக்களைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது, தலைவர் பெரிக்ளிஸ் உட்பட. எனக்கு இந்தப் போரில் மிகவும் வலிக்கும் பகுதி அதுதான்.

ஸ்பார்ட்டா தன் தரைப்படை வீரத்தால் மட்டுமே வென்றது என்று பலர் நினைக்கிறார்கள். முடிவைத் தீர்மானித்தது பாரசீகப் பணத்தில் அது திரட்டிய கப்பற்படை.