அசூரை அனுப்பியதும் அவர், தண்டித்ததும் அவர்: இது நியாயமா?

சகோதரரே, ஏசாயா 10-இல் அசூரை, அதாவது அசீரியப் பேரரசை, தம் கோபத்தின் கோல் என்று சொல்லும் தேவன் அதே அசூரைத் தண்டிப்பது அநியாயம் இல்லையா, வாலிபர் கூட்டத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். 5-ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் 7-ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள். தம் ஜனத்தைத் தண்டிக்கத் தேவன் அனுப்பினார், சரி, ஆனால் போனவனுக்கு அந்த எண்ணமே இல்லை, ஜாதிகளை அழிக்கும் வெறிதான். அசூரின் ராஜா சனகெரிப் கி.மு. 701-இல் யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததையும், அதன் ராஜா எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமில் அடைத்ததையும் களிமண் பட்டயத்தில் எழுதிப் பெருமையடிக்கிறான்; அது போதாதென்று யூதாவின் லாகீஸ் பட்டணத்தில் ஆட்களைத் தோலுரித்ததைத் தன் தலைநகரான நினிவேயின் அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். தண்டனை இந்த அகந்தைக்குத்தான், 12-ஆம் வசனமே சொல்கிறது. நினிவே கி.மு. 612-இல் விழுந்தது.

தன்னால் வெட்டுகிறவனுக்கு விரோதமாகக் கோடரி மேன்மைபாராட்டலாமோ என்று 15-ஆம் வசனம் கேட்கிறது; அப்படியானால் கோடரிக்குச் சுயசித்தம் உண்டா என்று ஒருவராவது மடக்குவார். அந்த வசனம் பேசுவது மேன்மைபாராட்டுதலைப் பற்றி மட்டும், உவமையை அதற்குமேல் இழுக்காதீர்கள். கேள்வி கேட்கிறவர்களை அதட்டவும் வேண்டாம், பாபிலோனை வைத்துத் தீர்க்கதரிசி ஆபகூக்கும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார். அப்புறம், இன்றைக்கு எந்த நாடு கோல் என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சுக்கே போகாதீர்கள், கூட்டம் அரசியல் சண்டையில்தான் முடியும்.